கல்லறைக் கல்லும் கல்சட்டியும்: பாறைகள் உருவாகும் விதம்

சமையல் மேடைக்குக் கல் வாங்கச் செல்பவர் கடையில் கேட்கும் சொல் பெரும்பாலும் ஒன்றுதான்: கிரானைட். மை போலக் கறுத்தது, சாம்பல் நிறத்தது, வெள்ளையில் செம்புள்ளி தெளித்தது, இளஞ்சிவப்பில் அலையலையாய் வரி ஓடியது என அடுக்கி வைத்திருக்கும் பலகைகள் அனைத்துக்கும் அந்த ஒரு பெயர்தான். நிலவியல் படித்தவர் அதே கடைக்குள் நுழைந்தால் அவற்றில் பலவற்றைக் கிரானைட் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளில் வெட்டியெடுக்கப்படும் கறுப்புக் கல் பெரும்பாலும் டோலரைட். மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கம் கிடைக்கும் ‘காஷ்மீர் ஒயிட்’டுக்குக் காஷ்மீரோடு ஓர் உறவும் கிடையாது, அதில் தெரியும் செம்புள்ளிகள் கார்னெட் மணிகள், கல்லோ பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியது. அலைவரி ஓடும் ‘பாரடைசோ’, பாதி உருகிய நிலையில் குழைந்து பின்னர் இறுகிய மிக்மடைட். வணிகர் பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருளில்லை. மெருகேறும், கீறல் விழாது, எலுமிச்சைச் சாறு பட்டால் அரிக்காது என்ற மூன்று குணங்கள் இருந்தால் அவருக்கு அது கிரானைட்.

நம் ஸ்தபதிகளிடமும் ஒரு பாகுபாடு உண்டு. சிற்ப நூல்கள் கல்லைத் தட்டினால் எழும் ஓசையைக் கொண்டு ஆண்கல், பெண்கல், அலிக்கல் என்று மூன்றாகப் பிரிக்கின்றன. கணீரென்று ஒலிக்கும் கல்லில் உள்விரிசல் இல்லை என்பதால், சிலை செதுக்குபவருக்கு இது மிகவும் பயனுள்ள சோதனை. ஆனால் வணிகரின் பெயரும் ஸ்தபதியின் பெயரும் கல் இன்று எப்படி இருக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. நிலவியலாளர் கேட்பது வேறு கேள்வி: இது எப்படிப் பிறந்தது? தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை என்று பள்ளிப் பாடநூல்கள் சொல்லும் மூன்று வகைகளும் இந்தக் கேள்விக்கான மூன்று விடைகள். இலங்கைப் பாடநூல்களில் இரண்டாவதற்கு ‘அடையற் பாறை’ என்று பெயர். அடியில் போய் அடைந்தது என்ற பொருள் பளிச்சென்று தெரிவதால் எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கும். மூன்று பெயர்களை மனப்பாடம் செய்வது எளிது. கையில் இருக்கும் கல் எந்த விடைக்கு உரியது என்று சொல்வதுதான் கடினம். அதிலும் நம் காலடியில் கிடக்கும் கருங்கல் அந்தக் கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிடி கொடுக்காமலே இருந்திருக்கிறது.

முதலில் தீப்பாறை. பூமியின் ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாவதற்கு வெப்பம் மட்டும் காரணமன்று. மேலிருந்து அழுத்தும் சுமை குறைந்தாலும், பாறைக்குள் நீர் புகுந்தாலும் அதன் உருகுநிலை இறங்கிவிடும். அவ்வாறு உண்டான குழம்பு சுற்றியுள்ள பாறையைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் மேல்நோக்கி எழுகிறது. அது எங்கே போய்க் குளிர்கிறது என்பதைப் பொறுத்தே கல்லின் தோற்றம் அமைகிறது. தரைக்கு வெளியே கொட்டினால் நாட்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ குளிர்ந்துவிடும். படிகங்கள் வளர நேரம் கிடைக்காது. கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்களால் ஆன பசால்ட் உண்டாகும். பல கிலோமீட்டர் ஆழத்திலேயே தங்கிவிட்டால் பல்லாயிரம், சில வேளை பல லட்சம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டு ஆறும், ஒவ்வொரு படிகமும் நெல்மணி அளவுக்கோ அதற்கு மேலோ வளரும், அதுதான் கிரானைட். கற்கண்டு காய்ச்சுபவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. பாகைச் சட்டென்று ஆறவிட்டால் பொடிச் சர்க்கரையும், நூல் கட்டிப் பல நாள் அசையாமல் வைத்தால் கட்டிக் கற்கண்டும் கிடைப்பது போன்றதே இது. டோலரைட் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பழைய பாறையில் விழுந்த விரிசலுக்குள் புகுந்த குழம்பு அங்கேயே சுவர் போல இறுகியது. அந்தச் சுவரை இன்று அறுத்துத்தான் கறுப்புப் பலகை எடுக்கிறோம்.

பசால்ட்டின் பேருருவத்தைக் காண மகாராட்டிரத்துக்குப் போக வேண்டும். தக்காணப் பீடபூமியில் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காகக் கொட்டிய எரிமலைக் குழம்பு இன்றும் ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடிக் கிடக்கிறது. அஜந்தாவும் எல்லோராவும் அந்த அடுக்குகளில் குடையப்பட்டவையே. இந்தியாவில் இன்றும் உயிரோடிருக்கும் எரிமலை அந்தமானின் பாரன் தீவு. நெடுங்கால அமைதிக்குப் பின் 1991இல் அது மீண்டும் குமுறத் தொடங்கியது.

குழம்பு குளிரும்போது எல்லாக் கனிமங்களும் ஒரே நேரத்தில் உறைவதில்லை. இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கருநிறக் கனிமங்கள் அதிக வெப்பத்திலேயே படிகமாகிப் பிரிந்துவிட, எஞ்சிய குழம்பில் மணலின் மூலப்பொருளான சிலிக்காவின் பங்கு கூடிக்கொண்டே போகும் என்பதை நிலவியலாளர் நார்மன் போவன் 1920களில் ஆய்வுக்கூட உலைகளில் காட்டினார். கடைசியில் உறைவது குவார்ட்ஸ். கொங்கு நாட்டுக் காடுகளில் வெங்கச்சாங்கல் என்று சொல்லும் அந்த வெள்ளைக் கல்லும், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமமும், காக்காப்பொன் எனப்படும் மைக்காவும் கூடியதே உண்மையான கிரானைட். சிலிக்கா போதாத குழம்பு வேறு வழியில் போகும். காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பாறைகளில் குவார்ட்ஸ் உருவாகவே முடியாத அளவுக்குச் சிலிக்கா குறைந்த வகைகள் உண்டு. அங்கே மிஞ்சிய அலுமினியம் தனியே ஆக்சைடாகிக் குருந்தக் கல்லாயிற்று. வைரத்துக்கு அடுத்த கடினம் கொண்ட அந்தக் கனிமம் நல்ல நிறத்தோடும் தெளிவோடும் அமைந்தால் சிவப்பில் மாணிக்கம், நீலத்தில் நீலக்கல்.

கிரானைட் உருகிய குழம்பிலிருந்து வந்தது என்பது ஒரு காலத்தில் யாரும் எளிதில் ஏற்காத செய்தி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய நிலவியலாளர் ஆபிரகாம் வெர்னரும் அவர் மாணவர்களும், உலகை மூடியிருந்த ஆதிக் கடலில் கரைந்திருந்த பொருள் படிந்தே கிரானைட் உண்டாயிற்று என்று கற்பித்தனர். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் 1785இல் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில் ஓடைப்படுகையில் நின்று கண்டது அதற்கு மாறாக இருந்தது: கரும்பாறையைப் பிளந்துகொண்டு சிவந்த கிரானைட் நரம்புகள் ஓடின. ஏற்கனவே இருந்த பாறைக்குள் பின்னால் வந்த ஒன்று திரவமாகத்தான் புகுந்திருக்க முடியும். நம் ஊர்க் கல்குவாரிகளிலும் சாம்பல் பாறையை வெட்டிக்கொண்டு இளஞ்சிவப்பு நரம்பு ஓடுவதைக் காணலாம். அதே வாதம் அங்கும் செல்லும்.

படிவுப் பாறை பிறப்பதை ஏறக்குறைய நேரிலேயே பார்க்கலாம். குடகிலும் நீலகிரியிலும் மழையும் வெயிலும் பாறையைத் தின்கின்றன. மழைநீரில் கரைந்துள்ள கரியமில வாயு அதை மிக மென்மையான அமிலமாக்க, அது ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாகச் சிதைக்கிறது. குவார்ட்ஸ் மட்டும் அசைந்து கொடுக்காமல் மணலாக உதிர்கிறது. காவிரி இரண்டையும் சுமந்து வந்து, வேகம் குறையக் குறையப் பருமணலை முதலிலும் நுண்மணலைப் பின்னரும் வண்டலைக் கடைசியிலும் இறக்கிவிடுகிறது. இப்படித் தரம் பிரிக்கப்பட்ட படிவின் மேல் மேலும் மேலும் சுமை ஏற, இடுக்கில் இருந்த நீர் பிழியப்பட்டு, சுண்ணமோ சிலிக்காவோ இரும்பு ஆக்சைடோ பசையாக நின்று பிணைக்க, மணல் மணற்கல்லாகவும் வண்டல் களிக்கல்லாகவும் ஆகின்றன. கல்லை நொறுக்கி மணலாக்கும் எம்-சாண்ட் ஆலை சில நிமிடங்களில் செய்யும் வேலையின் பாதியை ஆறு பல்லாயிரம் ஆண்டுகளில் செய்கிறது. மறுபாதியான பிரித்தெடுத்தல் ஆலைக்கு அவ்வளவு எளிதாக வருவதில்லை. நொறுக்கும்போது உண்டாகும் நுண்துகளைத் தனியே கழுவி நீக்க வேண்டியிருக்கிறது.

உலகின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கைப் படிவுகளும் படிவுப் பாறைகளுமே மூடியுள்ளன. ஆனால் அவை மெல்லிய போர்வைதான், பூமியோட்டின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு தலைகீழ். இங்கே ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை. கிழக்குக் கரையோரத்தில் மட்டும் படிவு. அந்தக் கரையோரப் பட்டைதான் நம் நிலத்தின் உயிர்ப் பதிவேடு. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் இன்றைய அரியலூர், பெரம்பலூர் வரை உள்ளே வந்து, பல முறை முன்னேறியும் பின்வாங்கியும், சிப்பியும் சுருள் ஓட்டு அம்மனைட்டும் நிறைந்த அடுக்குகளை விட்டுச் சென்றது. நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு 1862இல் அவற்றை உத்தத்தூர், திருச்சி, அரியலூர் என்று பகுத்து விவரித்தார். கடல் உயிர்களின் ஓடுகள் குவிந்து இறுகிய சுண்ணாம்புக்கல் அங்கே கிடைப்பதால்தான் அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகள் இத்தனை நிற்கின்றன. வீட்டுச் சுவரில் பூசும் சிமெண்டில் பத்துக் கோடி ஆண்டு பழைய கடலின் சிப்பி இருக்கக்கூடும் என்பது மிகைப் பேச்சன்று.

பெரம்பலூர் அருகே சாத்தனூரில் படுத்துக் கிடக்கும் சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் அறிவித்தார். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கிடப்பவை அதற்கு மிகவும் பிந்திய, சுமார் 2 கோடி ஆண்டு பழையவை எனக் கணிக்கப்படும் மரங்கள். மரம் கல்லானது என்று சொன்னாலும், நடந்தது என்னவோ கொஞ்சம் கொஞ்சமான இடமாற்றம்: மண்ணுள் புதைந்த மரத்தின் உயிரணுக்களுக்குள் நிலத்தடி நீர் சுமந்து வந்த சிலிக்கா புகுந்து படிந்ததால், ஆண்டு வளையமும் நாரும் அப்படியே இருக்க, பொருள் மட்டும் மாறிவிட்டது. காற்றுப் புகாத சதுப்பில் புதைந்த தாவரங்களுக்கு வேறு கதி நேர்ந்தது. அவை கரியாகி நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியாகக் கிடக்கின்றன.

யாழ்ப்பாணத் தீபகற்பமும் படிவின் கொடையே. கிரெட்டேசியஸுக்கு மிகவும் பிந்திய மயோசீன் காலக் கடலில் உருவான சுண்ணாம்புக்கல் அதன் அடித்தளம். காங்கேசன்துறைச் சிமெண்ட் ஆலைக்கு மூலப்பொருளாக இருந்தது அதுதான். இந்தக் கல்லைப் பற்றிக் கடைசியில் மீண்டும் பேச வேண்டியிருக்கிறது.

மூன்றாம் வகையைச் சரியாகப் புரிந்துகொள்ள ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் போதும்: உருமாறும்போது பாறை உருகுவதில்லை. திடநிலையிலேயே, சுமார் 200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் பெரும் அழுத்தத்திலும், அணுக்கள் இடம் மாறி, பழைய கனிமங்கள் சிதைந்து அந்தச் சூழலுக்கு ஏற்ற புதிய கனிமங்கள் பிறக்கின்றன. களிக்கல் முதலில் பலகை பலகையாகப் பெயரும் சிலேட்டுக் கல்லாகிறது. நம் முந்தைய தலைமுறைகள் எழுதிப் பழகிய சிலேட்டு அதுவே. வெப்பம் ஏறினால் காக்காப்பொன் மின்னும் சிஸ்ட், மேலும் ஏறினால் வெளிர் வரியும் கருவரியும் மாறி மாறி ஓடும் நைஸ். சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாகும், தாஜ்மகாலுக்குப் போன மக்ரானா வெள்ளைக் கல் அத்தகையது. மணற்கல் குவார்ட்சைட்டாகும்.

அடுப்பங்கரையில் வத்தக்குழம்பு கொதிக்கும் கல்சட்டியும் உருமாறிய பாறைதான். மக்னீசியம் நிறைந்த ஆழ்பாறைக்குள் சூடான நீர் புகுந்து வினைபுரிந்ததால் பிறந்த டால்க் என்ற கனிமமே, அந்தச் சட்டியைக் கடையும் மாக்கல்லில் மிகுதி. நகத்தாலேயே கீறும் அளவுக்கு மென்மையான அந்தக் கனிமம் இருப்பதால்தான் கடைசல் இயந்திரத்தில் வைத்துச் சட்டியாகக் கடைய முடிகிறது; சூட்டை நெடுநேரம் பிடித்துவைப்பதும் அந்தக் கல்லின் இயல்பே. சேலத்தில் ஆங்கிலேயர் ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயரிட்ட குன்றுகளில் சுண்ணாம்பு என்று ஒன்றும் இல்லை. வெளுத்துத் தெரிவது மாக்னசைட் என்ற மக்னீசியக் கனிமத்தின் நரம்புகள். அவையும் இதே போன்ற மக்னீசியப் பாறையில் கரியமில வாயு கலந்த நீர் செய்த வேலை.

இனி, அந்தப் பிடி கொடுக்காத கருங்கல்லுக்கு வருவோம். 1690இல் ஊக்ளி ஆற்றங்கரையில் வந்து இறங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் அடுத்த சில ஆண்டுகளுக்குள் இறந்து, கொல்கத்தாவில் இன்று செயின்ட் ஜான் தேவாலயம் நிற்கும் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கொல்கத்தாவோ வண்டல் நிலம். தஞ்சைக் கழிமுகத்தில் பெரிய கோயிலுக்கு வேண்டிய கல்லை வெளியிலிருந்து கொண்டுவர நேர்ந்தது போலவே, அங்கும் கல்லறைக்குக் கல் வேறெங்கிருந்தோ வர வேண்டும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அது சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல் என்று கண்டு, 1893இல் அந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். சார்னாக்கை நகரின் நிறுவனர் என்று கொள்ளக்கூடாது என 2003இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாறையின் பெயர் மட்டும் அப்படியே அண்டார்க்டிகா வரை வழங்குகிறது. பெயர் வாங்கியவர் கல்லின் கீழ்க் கிடந்தவர். கல்லைப் பெற்ற பல்லாவரத்துக்கு அந்தப் பெருமை கிடைக்கவில்லை என்ற சிறு வருத்தம் எனக்கு உண்டு. பரங்கிமலைப் பக்கத்தில் அது தேசிய நிலவியல் சின்னமாக அறிவிக்கப்பட்டிருப்பது ஓரளவு ஆறுதல்.

நீலகிரி, சேர்வராயன் மலை என நம் மலைகளின் பெரும்பகுதி இந்தப் பாறையே. பார்வைக்கு எண்ணெய் தடவியது போன்ற பச்சை கலந்த கருஞ்சாம்பல் நிறம். கனிமங்களைப் பார்த்தால் குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் இருப்பதால் கிரானைட்டின் உறவினர் என்றே தோன்றும். ஆனால் கிரானைட்டில் நீர்க்கூறு கொண்ட மைக்கா இருக்க வேண்டிய இடத்தில், நீரே இல்லாத ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இருக்கும். 1900இல் வெளியிட்ட விரிவான ஆய்வில் ஹாலந்து இதைக் குழம்பிலிருந்து உறைந்த தீப்பாறைத் தொகுதி என்றே கொண்டார். பின்னால் வந்தவர்களில் பலர் மறுத்தனர். ஹைப்பர்ஸ்தீன் உருவாகச் சுமார் 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமும் 700, 800 பாகை வெப்பமும் வேண்டும். அந்த ஆழத்தில் எந்தப் பழைய பாறை இருந்தாலும், நீர் வெளியேறிவிட்டால், அதுவும் இதே தோற்றத்துக்கு வந்துவிடும் என்பது அவர்கள் வாதம்.

இந்த வழக்கில் மிக அழகான சாட்சியம் பெங்களூருக்குத் தெற்கே கப்பல்துர்கா என்ற மலையடிவாரக் குவாரியில் கிடைத்தது. அங்கே வரிவரியான சாம்பல் நைஸ் பாறையின் நடுவே, வரிகளைக் குறுக்கே அழித்துக்கொண்டு, கருந்திட்டுகளாகச் சார்னோக்கைட் பரவி நிற்கிறது. ஒரே கல்லில் ஒரு பக்கம் நைஸ், மறுபக்கம் சார்னோக்கைட். இடையில் கூர்மையான எல்லை கிடையாது. மைசூர் நிலவியலாளர் சி. எஸ். பிச்சமுத்து 1960இல் இதை, உருவாகிக்கொண்டிருக்கும் நிலையிலேயே பிடிபட்ட சார்னோக்கைட் என்று விளக்கினார். விரிசல்கள் வழியே ஆழத்திலிருந்து ஏறிய, கரியமில வாயு மிகுந்த பாய்மம் நீரை ஒதுக்கித் தள்ள, மைக்கா சிதைந்து ஹைப்பர்ஸ்தீன் ஆகத் தொடங்கியது. மாற்றம் முடியும் முன் வெப்பம் அடங்கிவிட்டது. இது தெளிவான உருமாற்றம். ஆனாலும் ஹாலந்து முழுவதும் தோற்றுவிடவில்லை. வறண்ட குழம்பிலிருந்து நேரடியாகவே ஹைப்பர்ஸ்தீனோடு உறைந்த சார்னோக்கைட்டுகளும் உலகில் பல இடங்களில் உண்டு என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்டது. மேலும், சென்னைப் பகுதிச் சார்னோக்கைட் பலவற்றின் தொடக்கம் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய குழம்பே என்றும், அது ஆழத்தில் மீண்டும் வெந்தது என்றும் கொண்டால், அதைத் தீப்பாறை என்பதா உருமாறிய பாறை என்பதா? இரண்டும் உண்மை; எந்தப் பிறப்பைக் கணக்கில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் இதே சிக்கல். அங்கே உள்ள அனார்த்தசைட் என்ற வெளிர்நிறப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழைய குழம்பில் அடுக்காகப் பிரிந்து உறைந்து, பின் ஆழத்தில் உருமாறியது. நிலவின் வெளிர்ந்த மேட்டு நிலங்களும் அனார்த்தசைட்டால் ஆனவை என்பதால், சந்திரயான் திட்டத்தின் தரையிறங்கு சோதனைகளுக்கு வேண்டிய செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ இங்குள்ள கல்லைப் பொடித்துத் தயாரித்தது.

மூன்று பெட்டிக்குள்ளும் சரியாக அடங்காத கல் ஒன்றும் நம்மிடம் உண்டு. புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்புறாங்கல்லை யாரும் உருக்கவில்லை, சுமந்து வந்து படிய வைக்கவில்லை, ஆழத்தில் வேகவைக்கவும் இல்லை. வெப்ப மண்டலத்து மழை, பாறையில் கரையக்கூடியதையெல்லாம் கழுவிக்கொண்டு போக, கரையாத இரும்பும் அலுமினியமும் அங்கேயே மிஞ்சி இறுகியது அது. மலபாரின் அங்காடிப்புறத்தில் ஈரமாக இருக்கையில் செங்கல்லாக வெட்டப்பட்டு, காற்றுப் பட்டதும் கெட்டியாகும் இந்தக் கல்லைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807இல் வெளியிட்ட தம் பயண நூலில், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டார்.

கல் எப்படிப் பிறந்தது என்ற கேள்வி வெறும் ஆராய்ச்சி ஆர்வம் என்று நினைப்பவர்கள் தண்ணீரைக் கவனிக்கலாம். படிவுப் பாறைக்குத் துகளிடையே இடைவெளி உண்டு. அது பஞ்சு போல நீரைத் தாங்கும். நெய்வேலியில் நிலக்கரியை எடுப்பதற்கு முன் அதன் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இடைவிடாமல் இறைக்க வேண்டியிருப்பது அதனால்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லோ மழைநீரின் அமிலத்தில் கரைந்து உள்ளே குகையும் குழாயுமாக ஆகிவிடுகிறது. மேலே ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்று இல்லாத நிலத்தில் கீரிமலைக் கேணியும் நிலாவரைக் கிணறும் இருப்பது இந்தக் கரைதலால். அதே கரைதலால்தான் வயலில் இட்ட உரமும் கழிவும் வடிகட்டப்படாமல் விரைவில் கிணற்றுக்குள் வந்து சேர்கின்றன. கருங்கல் இதற்கு நேர் எதிர். 20 கிலோமீட்டர் ஆழத்தில் நீரையெல்லாம் இழந்து படிகத்தோடு படிகம் பொருந்தி இறுகிய கல்லில் நீர் நுழைய இடமே இல்லை. விரிசல் இருந்தால் அதில் மட்டும் கொஞ்சம் நிற்கும். கொங்குப் பகுதியில் ஒருவர் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்றில் நீர் பொங்க, அடுத்த வரப்பில் ஆயிரம் அடி இறக்கியும் புகை மட்டும் வருவது இந்த விரிசலின் விளையாட்டே. நுழைய இடமில்லாத அதே குணம் இன்னொரு விதத்தில் கைகொடுத்தது. மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தில் கல் எடுத்துக் கைவிடப்பட்ட குவாரிக் குழிகளில் மழைநீர் எளிதில் கீழே இறங்கிவிடாமல் தேங்கி நின்றது. 2017இல் ஏரிகள் வற்றியபோது சென்னைக் குடிநீர் வாரியம் அந்தக் குழிகளிலிருந்து நீரை இறைத்து, சுத்திகரித்து, நகருக்கு அனுப்பியது.